ஏழாம் அறையின் மேல் அடுக்கு

படித்தால் அழிந்துவிடும் என்பதுதான் அந்தப் பட்டையின் குணம். உள்ளங்கை அகலம், நகத்தின் கனம்கூட இல்லாத சுண்ணாம்புப் பொருக்கு. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த கடல் அகழாய்வுக் கூடத்தில், உப்பு நீக்கிய நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் அது மூன்று மாதமாகக் கிடந்தது. திங்கட்கிழமை படிப்பதாக முடிவாகியிருந்தது.

படிக்கப் போகிறவள் இந்துமதி. அவள் தொல்லியல் படித்தவள் அல்ல. கப்பல் எஞ்சின்களின் இரைச்சலை அளக்கும் வேலையில் இருந்துவிட்டு, ஒலி வாசிப்புக் கருவி புழக்கத்துக்கு வந்த பிறகு இந்தப் பக்கம் வந்தவள். அகழாய்வுக்காரர்கள் அவளைக் 'காது' என்று கூப்பிட்டார்கள். அதில் கேலி பாதி, மரியாதை பாதி.

வெள்ளிக்கிழமை காலை அவளைத் தேடி ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்கதான கேக்குற மேடம்? எழுநூறு வருசத்துக்கு முந்துன பேச்சைக் கேக்கப் போறியன்னு பேப்பர்ல போட்டிருந்தான்."

"கேக்க முயற்சி பண்ணப் போறோம்."

"அந்த ஏழாம் ரூம்லதான் எங்க வீட்டுக்காரவுக செத்தாவ. கஸ்பார். எம்பேரு செலின்."

இந்துமதிக்குப் பெயர் தெரிந்திருந்தது. அவள் வேலையில் சேர்வதற்குச் சில மாதம் முன்னால் நடந்தது. முன்பு ஒரு சிறு தீவு இருந்து மூழ்கிப்போன இடத்துக்குக் கிழக்கே, கடலடிச் சேற்றில் சீன வணிகக் கப்பல் ஒன்று புதைந்து கிடக்கிறது. குறுக்குச் சுவர்களால் பன்னிரண்டு அறைகளாகத் தடுத்த கப்பல். அதைத் தோண்ட உள்ளூர் முக்குளிப்பவர்களை அமர்த்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஏழாம் அறைக்குள் பிணமாகக் கிடந்தார். இடுப்பில் இருக்க வேண்டிய கயிறு இல்லை. பைக்குள் ஒரு பச்சைப் பீங்கான் கிண்ணம் இருந்தது. திருடப் போனவர் தன் கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டார் என்று விசாரணைக் குழு எழுதி முடித்தது.

"எழுநூறு வருசத்துப் பேச்சு அதுல இருக்கும்னா, ரெண்டு வருசத்துப் பேச்சும் இருக்கும்லா?" என்றாள் செலின்.

இருக்கிறது என்று இந்துமதிக்குத் தெரியும். அதை அந்த மனிதரோடு அவள் சேர்த்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"உக்காருங்க, சொல்றேன். சீனக்காரங்க பலகைக்கும் பலகைக்கும் இடையில எண்ணெய், சுண்ணாம்பு, சணல் நாரு மூணையும் இடிச்சு அடைச்சிருக்காங்க."

"கலப்பத்து. எங்க வள்ளத்துலயும் அடைப்பாவ."

"அதேதான். அந்தச் சுண்ணாம்பு மேல உப்புத்தண்ணி பட்டா பொருக்கு மாதிரி வளரும். வளர்றப்ப பக்கத்துல என்ன சத்தம் கேக்குதோ, அதுக்குத் தகுந்த மாதிரி பொருக்கோட அமைப்பு மாறும். கப்பல் முழுகின அன்னைக்குக் கொஞ்சம் வளர்ந்திருக்கு. அப்புறம் சேறு மூடிருச்சு, வளர்ச்சி நின்னுபோச்சு. நாங்க போய்ச் சேத்தை அள்ளினதும் மறுபடி வளர ஆரம்பிச்சிருச்சு."

"அப்ப அவிய பேசுனது மேல இருக்கு."

"மேல இருக்கிறது எல்லாம் எங்க சத்தம். உறிஞ்சு பம்பு, வெளக்கு மோட்டாரு, முக்குளிக்கிறவங்க பேச்சு. அதைக் குப்பை அடுக்குன்னு சொல்லுவோம். திங்கக்கிழமை முதல்ல அதைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் கீழ இருக்கிறதைப் படிப்போம்."

"சுரண்டுனா?"

"இருக்காது."

செலின் அப்போதுதான் உட்கார்ந்தாள். "எம்மவ எட்டாங்கிளாஸ் படிக்கா. பள்ளிக்கூடத்துல அவளுக்குப் பேரு 'பீங்கான்'. வாத்தியாருமாருகூட ஒருக்கா வாய்தவறிக் கூப்புட்டுட்டாவளாம். அவிய திருடல மேடம். எந்தம்பியே ஒத்துக்கிட்டான்."

"உங்க தம்பியா?"

"லூர்து. அவன்தான் மேல கயிறு புடிச்சான். முத்துக் குளிச்ச காலத்துலேர்ந்து எங்க ஆளுவ வழக்கம் அதுதான். பொண்டாட்டிகூடப் பொறந்தவன்தான் கயிறு புடிக்கணும். அக்கா தாலியறுக்கணும்னு எவன் நெனைப்பான்? ஒங்க கம்பெனி பெல்ட்டு, மிசினு எல்லாம் குடுத்தும் எங்காளுவ கேக்கலல்லா, மச்சினன் வந்தாத்தான் எறங்குவோம்னுட்டாவ."

லூர்து விசாரணையில் சொன்னதை அவள் சொன்னாள். கயிற்றைப் படகின் கம்பியில் கட்டிவிட்டு அவனே கீழே இறங்கியிருக்கிறான். கிண்ணத்துக்கு ஆசைப்பட்டவன் அவன்தான். தேடி உள்ளே வந்த கஸ்பார் தன் கயிற்றை அவிழ்த்து அவன் இடுப்பில் கட்டி, அவனை வெளியே தள்ளிவிட்டார். கிண்ணத்தைத் திரும்ப வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அதற்குள் பலகை சரிந்துவிட்டது.

"குழுவுல இருந்தவிய சிரிச்சாவளாம். மச்சானுக்கு நல்ல பேரு வாங்கக் குடும்பமே கதை கட்டுதுன்னு."

"நீங்க நம்பினீங்களா?"

"நம்பாம? அன்னையிலேர்ந்து அவன் எங்க வாசப்படி மிதிக்கல. நான் மிதிக்க விடல. அவனாலதான் அவிய போனாவ. அதை ஒரு மிசினு சொன்னாலாவது நாலு பேரு நம்புவாம்லா?"

இயக்குநர் நாச்சியப்பன் அன்று மதியம் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். முப்பது வருடம் தோண்டியவர். அடுத்த ஆண்டு ஓய்வு.

"மேல் அடுக்கைப் படிக்க முடியுமா?"

"முடியும். ஆனா மெதுவாப் படிக்கணும். மெதுவாப் படிச்சா கருவியோட சூடு கீழ இறங்கும். கீழ் அடுக்கு கலங்கிப் போயிரும்."

"பட்டையை ரெண்டா வெட்டினா?"

"பாதியை வெட்டினா பாதிக் குரல் வராது சார். ஒண்ணுமே வராது. வேற அறையிலேர்ந்தும் எடுக்க முடியாது, எல்லாத்தையும் புழு தின்னுருச்சு."

அவர் சாம்பாரை ஊற்றாமலே வெறும் சோற்றைப் பிசைந்தார். "ஏழாம் அறையில ஓட்டுத்துண்டு கிடைச்சது ஞாபகம் இருக்கா? தமிழெழுத்துல பேரு கீறினது. அந்தக் காலத்துல வியாபாரி அவனவன் சரக்கு மேலயே படுத்துக்குவான். ஆக, ஒரு தமிழன் அந்த அறையில தூங்கியிருக்கான். கப்பல் முழுகுறப்ப கத்தாமயா இருந்திருப்பான்? இந்துமதி, அன்னைக்கு எழுதின தமிழ் நமக்குத் தெரியும். ஒரு மனுஷன் வாயில அது எப்படி இருந்துச்சுன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியும் சார்."

"கஸ்பார் நல்ல முக்குளிப்பான். எனக்கும் வருத்தம்தான். ஆனா ஒரு மனுஷனோட பேரு ஒரு பக்கம், ஒரு பாஷையோட குரல் ஒரு பக்கம். நான் எப்படிம்மா இதைக் குடுப்பேன்?"

அவர் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக இந்துமதிக்குத் தோன்றவில்லை. அதனால் வேறு பக்கமாகக் கேட்டாள்.

"புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாள் என்ன சார் சொல்லிக் குடுக்கிறீங்க?"

"என்ன?"

"மேல் மட்டத்தைப் பதிவு பண்ணாம கீழ் மட்டத்தைத் தொடக் கூடாதுன்னு. சோழர் மட்டம் வேணும்னு அவசரப்பட்டு நாயக்கர் மட்டத்தைத் தள்ளிவிட்டவங்களை இன்னைக்கும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

"அது மட்டம்."

"இது?"

நாச்சியப்பன் கையை உதறினார். "இது நம்ம சத்தம்மா. பம்பும் மோட்டாரும். நம்ம சத்தத்தை யாராவது ஒரு மட்டம்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கேரியரை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டார். "மெதுவாவே படி" என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

குரலை அடையாளம் சொல்ல ஆள் வேண்டும் என்பதால் செலினையும் லூர்துவையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, தனித்தனியாக வாசலைக் கடந்தார்கள். லூர்து நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தான். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது ஐஸ் லாரி ஓட்டுகிறான். செலின் முகம் கழுவப் போனபோது அவன் இந்துமதியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"மேடம், படகுல பேசுனதும் இதுல கேக்குமா?"

"இல்ல. அறைக்குள்ள நடந்தது மட்டும்."

"செல நேரம் ஒண்ணும் தெளிவா இல்லாமப் போகும்லா?"

"போகலாம். அப்படின்னா தெளிவா இல்லைன்னு எழுதுவோம்."

"அப்படியே எழுதிருங்களேன் மேடம். இனிமே கேட்டு என்ன ஆகப் போவுது?"

பயந்துவிட்டான் என்று இந்துமதி நினைத்துக்கொண்டாள். வாயால் ஒத்துக்கொள்வது வேறு, நடந்ததை அக்காவின் எதிரில் உட்கார்ந்து கேட்பது வேறு.

தொட்டியைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்தார்கள். தொடங்கும் முன்பு இந்துமதி ஒன்றைச் சொன்னாள்.

"மேல இருக்கிறதுதான் கடைசியா நடந்தது. கருவி மேலேர்ந்து கீழ போகும். அதனால கடைசியில நடந்தது முதல்ல வரும், முதல்ல நடந்தது கடைசியில வரும். ஒவ்வொரு துண்டும் நேராத்தான் கேக்கும், வரிசை மட்டும் தலைகீழ். நடுவுல நிறுத்த முடியாது. நிறுத்தினா போச்சு."

"அப்ப அவிய செத்ததுதான் மொதல்ல" என்றாள் செலின்.

"ஆமா. வேணும்னா நீங்க வெளிய..."

"நீங்க போடுங்க."

முதலில் மீட்கப் போனவர்களின் சத்தம் வந்தது. குமிழிகள், உலோகம் மரத்தில் உரசுவது, ஒருவர் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுவது. பிணத்தை எடுத்த மறுநாளே அந்த அறையில் மணலைக் கொட்டி மூடிவிட்டதால் அதற்கு மேலே எதுவும் இல்லை. பிறகு நீண்ட அமைதி. முழு அமைதி அல்ல, கடலடியில் இறால்கள் சொடுக்கும் சத்தம், எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல. அதற்கு அடுத்த துண்டில் மூச்சு இருந்தது. இழுத்து, நிறுத்தி, விட்டு. செலின் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கடுத்து குரல்.

"இழுலே. லூர்து, இழுலே. ஏ மாப்ள, இழு."

மரத்தைக் கைமுட்டியால் தட்டும் சத்தம். மறுபடி, "இழுலே."

"இவனத்தான் கூப்புடுதாவ" என்றாள் செலின், யாரையும் பார்க்காமல். "கயித்த இவன்ட்ட குடுத்துட்டு, இவனையே கூப்புடுதாவ."

லூர்து இரண்டு கைகளையும் தொடைகளுக்கு நடுவில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அடுத்த துண்டு பலகை சரிந்தது. ஒலிபெருக்கி அதிர்ந்தது, நாச்சியப்பன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அதற்கு முந்தைய துண்டில் கஸ்பார் உயிரோடும் உற்சாகத்தோடும் இருந்தார். முகமூடிக்குள் ஏதோ கோயில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுவில் பாட்டை விட்டுவிட்டு யாரையோ அதட்டினார்.

"எலே, தள்ளுலே. என்னா பாக்க? வாடகையா குடுக்க இங்க இருக்கதுக்கு? மூஞ்சியப் பாரு, எங்க மாமனாரு மாதிரி."

செலினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். "மீனுகிட்ட பேசுதாவ. எப்பவும் இப்படித்தான். எங்கப்பா மூஞ்சின்னுதான் சொல்லுவாவ." அவள் ஒலிபெருக்கியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். அடுத்து வர வேண்டிய தம்பியின் குரலுக்காகக் காத்திருக்கிறாள் என்று இந்துமதிக்குப் புரிந்தது. மீனைத் திட்டியது அந்த நேரத்தில் உள்ளே நுழைந்த தம்பியையும் சேர்த்துத்தான் என்றுகூட அவள் நினைத்திருக்கலாம்.

அடுத்தது பீங்கான்கள் மெல்ல ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

"ஒண்ணே ஒண்ணு" என்றது கஸ்பாரின் குரல். "நூறு கெடக்கு. எவன் எண்ணப் போறான்."

செலின் அசையவில்லை.

அதற்கும் முந்தைய துண்டு கொஞ்சம் இரைச்சலாக இருந்தது. தூரத்தில் உறிஞ்சு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கொக்கி கழலும் சத்தம், நார் இறுகும் சத்தம். கஸ்பார் மூச்சு வாங்கிக்கொண்டு தனக்குத் தானே பேசினார்.

"இந்தா, நீ இந்தக் கட்டைல கெடந்து ஆடு. தண்ணி இழுக்க இழுக்க அவன் கைக்கு நான்னு தோணும். மாப்ள, புடிச்சுக்கிட்டே இரி. இந்தா வந்துருதேன்."

அதற்கு முன்னால் பம்பு மட்டுமே இருந்தது. வேறு குரல் இல்லை. இந்துமதி திரையைப் பார்த்தாள். மேல் அடுக்கு முடிந்துவிட்டது.

கருவி நிற்கவில்லை. சேற்றுக் கோட்டைத் தாண்டிக் கீழ் அடுக்குக்குள் இறங்கியது. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஒரு சத்தம் தொடங்கியது, ஈரமணலைத் தகரத்தில் தேய்ப்பதைப் போல. அது எழுநூறு வருடத்துக்கு முந்தைய சத்தம். நாச்சியப்பன் மட்டும் அதைக் கேட்பதற்காகத் தலையைச் சாய்த்தார்.

"நீ எங்கலே இருந்த?" என்றாள் செலின்.

லூர்து தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"லூர்து. கேக்கேம்லா. எங்க இருந்த?"

"மேலதான்."

"கீழ எறங்கல?"

"எறங்கலக்கா. கயிறு என் கையிலதான் இருந்துச்சு. ஆடிக்கிட்டே இருந்துச்சு. மச்சான் வேல செய்யுதுன்னு நெனச்சேன். ரெம்ப நேரம் ஆச்சேன்னு இழுத்துப் பாத்தேன், வரல. அப்பத்தான் கத்துனேன்."

"பெறவு எதுக்குலே அப்படிச் சொன்ன?"

"கிண்ணத்தோட தூக்கிட்டு வந்தாவ. எல்லாரும் பாத்தாவ. நீ அப்பதான் படகுத் துறைக்கு ஓடி வாரே." அவன் சட்டை நுனியைச் சுருட்டினான். "புள்ளைக்கு அப்பன் பேரு வேணும்லா. மாமன் பேரு கெட்டா என்ன? ஆனா குழுவுல எவனும் நம்ப மாட்டேன்னுட்டான். நீதான் நம்புனே."

கரகரப்பு தொடர்ந்தது. ஓரிடத்தில் அது ஏறி இறங்கியது. நாச்சியப்பன் கையை உயர்த்தினார், பிறகு தாழ்த்திக்கொண்டார். அது குரலாக இருக்கலாம், பலகை முறிவதாகவும் இருக்கலாம். இனி எவராலும் சொல்ல முடியாது.

கருவி தானாக நின்றது. தொட்டிக்குள் பட்டை இருந்த இடத்தில் நீர் லேசாகக் கலங்கியிருந்தது.

நாச்சியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இங்க கேட்டது நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். பட்டை போயிருச்சு. அறிக்கையில இரைச்சல் ஜாஸ்தி, தெளிவா இல்லைன்னு எழுதினா அது முழுப் பொய்யும் இல்ல. குழு சொன்னது சொன்னபடி இருக்கும், தம்பி சொன்னதும் சொன்னபடி இருக்கும். யாரை நம்பணும்னு உங்க பொண்ணு முடிவு பண்ணிக்கட்டும்."

முப்பது வருடமாக ஒரு மட்டத்தைக்கூட விட்டுவிட்டு எழுதாத மனிதர் அதைச் சொன்னார். இந்துமதி அவரைப் பார்த்தாள். அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா" என்றான் லூர்து அவசரமாக. "சார் சொல்லுதது சரிதான். எனக்குப் பழகிப்போச்சு."

"நீ பேசாம இரி" என்றாள் செலின்.

எழுந்து இந்துமதியின் மேஜைக்கு வந்தாள். திரையில் அறிக்கைக்கான பக்கம் வெறுமையாக இருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள். எழுத்து ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவதைப் போல இருந்தது அந்தப் பார்வை.

"அவிய எடுத்தது எடுத்ததுதான். அதை எழுதாம விடச் சொல்ல மாட்டேன். எம்மவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன், அப்பா மீனுகிட்ட பேசுனதையும் சேத்து." வெறுமையாக இருந்த திரையைக் காட்டினாள். "ஆனா அதை ரெண்டாவதா எழுதுங்க மேடம்."

"முதல்ல?"

செலின் திரும்பித் தம்பியைப் பார்க்கவில்லை. மேஜையில் விரலை ஊன்றிக்கொண்டு, எழுதுகிறவளுக்கு வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவள் பேச்சில் சொன்னதை அறிக்கையின் தமிழுக்கு மாற்றி இந்துமதி முதல் வரியாகத் தட்டினாள்:

'கயிறு பிடித்தவர் கடைசி வரை மேலேயே இருந்தார். கயிற்றை விடவில்லை.'